பழைய வேட்டை ரைஃபிளின் ட்ரிகர்: திருத்துவதா, மாற்றுவதா?

"அப்பாவின் துவக்கு, தோட்டத்தில் வேலை செய்த காலத்தில் வாங்கியது, லைசன்ஸ் இருக்கிறது, ட்ரிகர் இறுகிவிட்டது, புதிது போடலாமா?" என்று கொழும்பு, வெள்ளவத்தையில் இருந்து ஒருவர் கேட்கிறார். "இங்கே பழைய இராணுவ ரைஃபிள், லீ என்ஃபீல்ட் ஒன்று வாங்கினேன், ட்ரிகர் கொஞ்ச தூரம் சும்மா இழுபடுது, நல்லதாக ஒன்று ஓடர் பண்ணிப் போட்டுவிடட்டா?" என்று கனடாவில், ஸ்காபரோவில் இருக்கும் மச்சான் கேட்கிறார். இரண்டு பேர் கையிலும் பழைய சாமான்தான், ஆனால் ஒருவருக்குச் சரியானது மற்றவருக்குச் சரிவராது. சட்டம் வேறு, பாகம் கிடைக்கும் விதம் வேறு, காலநிலையும் வேறு.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கொழும்பில் கிடந்த பழைய துவக்கு என்றால் முதலில் துப்புரவு, அதில் சரிவராவிட்டால் பழைய பாகத்தைத் திருத்துவது, புது ட்ரிகர் கடைசி. ஒரு விதிவிலக்கு உண்டு: ட்ரிகரின் வடிவமைப்பிலேயே சந்தேகம் இருந்தால் இந்த வரிசை தலைகீழாகிவிடும், அதற்குக் கீழே வருகிறேன்.

அதற்கு முன் ஒன்று. விரல் படாமலே அடி ஊசி (தோட்டாவை அடித்து வெடிக்க வைக்கும் ஊசி) விழுகிறது, போல்ட்டை (தோட்டாவை உள்ளே தள்ளி மூடும் உருளையை) வேகமாக மூடும்போது விழுகிறது, சேஃப்டியை (வெடிக்காமல் தடுக்கும் பூட்டை) விடுவிக்கும்போது விழுகிறது: இதில் எது நடந்தாலும் அந்தத் துவக்கில் இனித் தோட்டா ஏறக்கூடாது. "ஒரே ஒரு தடவைதான் அப்படி நடந்தது" என்பது கணக்கில் வராது. ஒரு தடவை நழுவிய ட்ரிகர் இன்னொரு தடவை நழுவும், அந்த நேரம் குழல் எந்தப் பக்கம் பார்த்திருக்கும் என்று யாருக்கும் தெரியாது. வீட்டில் சோதிக்காதீர்கள், தோட்டா இல்லாமல் பூட்டி வையுங்கள், பிறகு மிச்சத்தை வாசியுங்கள்.

## எதை வைத்து முடிவெடுப்பது

பாதுகாப்பு முதல் அளவுகோல், அதை வேறு எதனோடும் பேரம் பேச முடியாது. தாத்தாவின் ஞாபகம், சாமானின் பெறுமதி, செலவு எல்லாம் அதற்குப் பிறகுதான்.

இரண்டாவது, செய்த வேலையைப் பழையபடி ஆக்க முடியுமா என்பது. ஒரு ஸ்பிரிங்கை மாற்றினால் நாளைக்குப் பழையதைத் திரும்பப் போடலாம். துவக்கின் மரக் கட்டையைச் செதுக்கினால் செதுக்கியதுதான். இரும்பின் கடினமான மேற்பரப்பைத் தேய்த்தாலும் அப்படியே. என் பார்வையில் எண்பது, நூறு வருடம் ஒழுங்காகப் பிழைத்த ஒரு பொருளுக்குத் திருப்ப முடியாத வேலையைச் செய்வதற்கு வலுவான காரணம் வேண்டும்.

மூன்றாவது பாகமும் கையும். பாகம் இந்த நாட்டுக்கு வருமா, வந்தால் அதைப் பொருத்தத் தெரிந்தவர் இருக்கிறாரா? கொழும்பில் இந்த இரண்டில் ஒன்றாவது இடிக்கும்.

நான்காவது கடதாசி வேலை. இதைத்தான் ஆட்கள் கடைசியில் நினைக்கிறார்கள், உண்மையில் இங்கே முடிவையே இது மாற்றிவிடும். 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச் சட்டம்தான் இன்றைக்கும் அடிப்படை, இடையில் திருத்தங்கள் வந்திருக்கின்றன. அனுமதிப்பத்திரம் ஆளுக்குத்தான், வீட்டுக்கு இல்லை, அதை வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். அப்பா காலமாகிவிட்டார், துவக்கு அலுமாரியில் இருக்கிறது, லைசன்ஸ் அவர் பெயரில் இருக்கிறது என்றால் உங்களுக்கு இப்போது ட்ரிகர் பிரச்சினை இல்லை, அதைவிடப் பெரிய பிரச்சினை இருக்கிறது. முதலில் பொலிஸ் நிலையத்துக்கும் ஒரு சட்டத்தரணியிடமும் போங்கள். 2024 இறுதியில் தற்காப்புக்காகக் கொடுக்கப்பட்டிருந்த துவக்குகளை மீளாய்வுக்காக ஒப்படைக்கும்படி பாதுகாப்பு அமைச்சு கேட்டதும் ஞாபகம் இருக்கட்டும். அனுமதி இன்றைக்கு இருப்பது நாளைக்கும் இருக்கும் என்று நினைத்துப் பணத்தைக் கொட்டுவதற்கு முன் இதை யோசிக்க வேண்டும்.

ஐந்தாவது, இனி அது என்ன வேலைக்கு? பொழுதுபோக்கு வேட்டைக்கு இலங்கையில் இடமில்லை. பயிர்ப் பாதுகாப்புக்கு அனுமதி பெற்று வைத்திருப்பவர்களிடம் இருப்பதும் பெரும்பாலும் 12 போர் சொட்கண்தான், ரைஃபிள் அரிது. அப்படியிருக்க, வருடம் முழுக்க அலுமாரியில் இருக்கப்போகிற ரைஃபிளுக்குப் போட்டிக்காரர் தேடுகிற அளவுக்கு மென்மையான ட்ரிகர் எதற்கு? கனடாவில் மான் வேட்டைக்கு ஒவ்வொரு இலையுதிர்காலமும் எடுத்துப் போகிறவருக்கு அந்தக் கேள்வி நியாயம்.

## கோளாறு உண்மையில் ட்ரிகரிலா?

இந்தப் பகுதியைத்தான் நீட்டி எழுதப்போகிறேன், ஏனென்றால் பாதிப் பேர் இங்கேயே நின்றுவிடலாம்.

ட்ரிகர் என்று நாம் இழுப்பது ஒரு நெம்புகோல் மட்டும். அதற்குப் பின்னால் சியர் என்று ஒரு சின்ன இரும்புத் துண்டு, ஸ்பிரிங்கின் அழுத்தத்தில் முன்னே பாயக் காத்திருக்கும் அடி ஊசியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. இரண்டு இரும்பு விளிம்புகள் ஒன்றில் ஒன்று மிகக் கொஞ்சமாக ஏறி உட்கார்ந்திருப்பதில்தான் எல்லாம் தங்கியிருக்கிறது. அந்த விளிம்பில் அழுக்கு, துரு, தேய்மானம் எது வந்தாலும் விரலுக்குத் தெரியும்.

கொழும்பில் முதல் சந்தேகம் எண்ணெய் மேல்தான். இங்கே காற்றின் ஈரப்பதம் பெரும்பாலான நாட்களில் எண்பது வீதத்தை ஒட்டி நிற்கும், காலி வீதிக்குக் கடற்கரைப் பக்கம் வீடு என்றால் உப்பும் சேரும். அதற்குப் பயந்து வீட்டுக்காரர்கள் வருடக்கணக்காக எண்ணெய் ஊற்றுவார்கள். தேங்காய் எண்ணெய் ஊற்றிய துவக்குகளும் உண்டு! அது 24 பாகை செல்சியசுக்குக் கீழே உறைந்துவிடும், நுவரெலியாவில் ஒரு இரவு போதும். கொழும்பில் உறையாவிட்டாலும் காலப்போக்கில் பிசினாகிவிடும். தையல் மெஷின் எண்ணெய் அதைவிட நல்லது, ஆனால் அதுவும் அளவுக்கு மீறினால் தூசியைப் பிடித்துப் பசையாகும். இப்படிப் பசை பிடித்த ட்ரிகர் பாரமாக இருக்கும், மெதுவாகத் திரும்பும், சில நேரம் திரும்பாமலே நிற்கும். திரும்பாமல் நிற்பதுதான் ஆபத்து, ஏனென்றால் அப்போது சியர் முழுதாகப் பிடிக்காமல் அரைகுறையாகப் பிடிக்கும்.

அடுத்த சந்தேகம் மரம். லீ என்ஃபீல்டின் பழைய மாதிரிகளில் ட்ரிகர் தொங்குவது அதைச் சுற்றியுள்ள இரும்பு வளையத்தில், சியர் இருப்பதோ மேலே ரிசீவரில், அதாவது குழலும் போல்ட்டும் பொருந்தும் இரும்பு உடலில். இரண்டுக்கும் நடுவில் மரம். ஈரத்தில் மரம் ஊதினால் அல்லது வரட்சியில் சுருங்கினால் இரண்டுக்கும் இடையிலான தூரம் மாறும், தூரம் மாறினால் இழுவையும் மாறும். இது தயாரித்தவர்களுக்கும் தெரிந்த குறைதான்: 1949இல் வந்த நம்பர் 4 மார்க் 2 மாதிரியில் ட்ரிகரை வளையத்தில் இருந்து கழற்றி ரிசீவரிலேயே தொங்கவிட்டார்கள். ஆகவே பழைய மாதிரி ஒன்று மழைக்காலத்தில் ஒரு விதமாகவும் வெயில் காலத்தில் வேறு விதமாகவும் இழுபட்டால் புது ட்ரிகர் வாங்குவதற்கு முன் மரத்தையும் அதைப் பிடித்திருக்கும் ஸ்குரூக்களையும் பார்க்கச் சொல்லுங்கள். ஜெர்மன் ரைஃபிளான மௌசர் 98இல் ட்ரிகரும் சியரும் ரிசீவரோடு இருப்பதால் இந்தத் தொல்லை குறைவு, ஆனால் மரம் ஊதி ட்ரிகரின் பக்கத்தில் உரசுவது அதிலும் நடக்கும்.

பிறகு, கோளாறே இல்லாத கோளாறுகள். ஸ்காபரோ மச்சான் சொன்ன "கொஞ்ச தூரம் சும்மா இழுபடுது" என்பது அநேகமாகக் குறையே இல்லை. இராணுவத்துக்குச் செய்த லீ என்ஃபீல்டும் மௌசரும் இரண்டு கட்ட இழுவை உள்ளவை. முதல் கட்டம் இலேசாக வரும், ஒரு இடத்தில் தட்டி நிற்கும், அதற்குப் பிறகு இன்னும் அழுத்தினால்தான் வெடிக்கும். குளிரில், பதற்றத்தில் விரல் தவறிப் பட்டாலும் வெடிக்காமல் இருப்பதற்காக வேண்டுமென்றே அப்படிச் செய்தது. லீ என்ஃபீல்டில் அந்த இரண்டாம் கட்டம் 5 தொடக்கம் 6½ இறாத்தல் வரை இருக்கலாம், சாதாரண வேட்டை ரைஃபிள்களில் 3 தொடக்கம் 5 இறாத்தல். அதனால்தான் புதிய ரைஃபிளுக்குப் பழகிய விரலுக்கு அது பழுதாகத் தெரிகிறது. இதேபோல மான்லிக்கர் ஷோனவர் போன்ற ஐரோப்பிய வேட்டை ரைஃபிள்களில் ஒரு குழலுக்கு இரண்டு ட்ரிகர் இருக்கும். பின்னதை இழுத்தால் "டிக்" என்று ஒரு சத்தம் மட்டும் வரும், முன்னது மிக மிக இலேசாகிவிடும். பின் ட்ரிகர் வேலை செய்யவில்லை என்று நினைத்து அதைக் கழற்றப் போகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம்.

கடைசியாக, யாரோ ஏற்கெனவே கை வைத்த ட்ரிகர். முன்பு வைத்திருந்தவர் இழுவையை இலேசாக்குகிறேன் என்று சியரை உரசியிருப்பார், ஸ்பிரிங்கை வெட்டியிருப்பார், ஸ்குரூவை முறுக்கியிருப்பார். பழைய சியர்கள் பலவும் மேற்பரப்பு மட்டும் கடினமாக்கிய இரும்பு, அந்தக் கடினமான படை மிக மெல்லியது. அதைத் தாண்டி உரசிவிட்டால் உள்ளே மிருதுவான இரும்புதான், கொஞ்ச நாள் அருமையாக இழுபடும், பிறகு வேகமாகத் தேய்ந்து ஒருநாள் பிடிக்காது. சந்தேகத்துக்கு இடமான அளவுக்கு இலேசான பழைய ட்ரிகர் பாரமானதைவிடப் பயப்பட வேண்டியது.

## வழி ஒன்று: துப்புரவாக்கி அப்படியே வைத்திருப்பது

உரிமம் பெற்ற துவக்குத் திருத்துநர் ஒருவர் கழற்றி, பழைய எண்ணெயைக் கரைத்து எடுத்து, துருவைப் பார்த்து, மரத்தையும் ஸ்குரூவையும் ஒழுங்காக்கித் திரும்பப் பூட்டுகிறார். செலவு குறைவு, எதுவும் வெட்டப்படவில்லை, எதுவும் மாறவில்லை. பாதுகாப்பைப் பொறுத்தவரை ஒரே நிபந்தனை, கழற்றியவர் சியரின் விளிம்பைப் பெருக்குக் கண்ணாடியில் பார்த்து "தேயவில்லை" என்று சொல்ல வேண்டும். பார்க்காமல் எண்ணெய் மட்டும் மாற்றியிருந்தால் அதைத் துப்புரவு என்று எண்ணி நிம்மதியடைய முடியாது.

மறைந்திருக்கிற செலவு இதில் தொடர் பராமரிப்புத்தான். கொழும்பில் ஒருதரம் செய்துவிட்டு மறந்துவிட முடியாது. தோல் உறையிலோ ஸ்பொஞ்ச் உறையிலோ வைத்தால் ஈரத்தைப் பிடித்து வைத்துத் துரு ஏற்றும். உலர்ந்த இடம், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல், மிகக் கொஞ்ச எண்ணெய், இது போதும்.

கோளாறு பசை, மரம், ஸ்குரூ இவற்றில் இருந்தால் இதைவிட நல்ல வழி இல்லை. இரண்டு கட்ட இழுவையைப் பழுது என்று நினைத்தவர்களுக்கும் இதுவே போதும், மிச்சத்துக்கு விரல்தான் பழக வேண்டும்.

## வழி இரண்டு: பழைய ட்ரிகரைத் திருத்துவது

சியர் தேய்ந்திருக்கிறது அல்லது ஸ்பிரிங் சோர்ந்திருக்கிறது என்று உறுதியானால் வருவது இது. இதற்குள்ளும் இரண்டு வகை. அதே மாதிரித் துவக்கின் பழைய அசல் பாகத்தைத் தேடிப் பொருத்துவது ஒன்று. அசலைப் பார்த்துப் புதிதாகச் செய்வது அல்லது தேய்ந்த இடத்துக்கு இரும்பு ஏற்றி மறுபடி கடினமாக்குவது மற்றது.

முதல் வகை லட்சக்கணக்கில் செய்யப்பட்ட ரைஃபிள்களுக்கு எளிது. லீ என்ஃபீல்டுக்கு கனடாவில் உதிரிப்பாகத் தட்டுப்பாடு என்று பெரிதாக இல்லை, கனேடிய இராணுவத்தின் ரேஞ்சர்கள் 1947இல் இருந்து பல தசாப்தங்கள் அதையே பாவித்தார்கள். மச்சானுக்கு ஒரு பழைய சியரும் ஸ்பிரிங்கும் ஒரு புது ட்ரிகரைவிட மலிவாகவே வரும். ஆனாலும் "அதே மாதிரி" என்பதால் அப்படியே பொருந்திவிடும் என்று நினைக்கக்கூடாது. அந்தக் காலத்துப் பாகங்கள் கையால் ஒத்துப் பொருத்தியவை, வேறொரு ரைஃபிளில் இருந்து வந்த சியர் பிடிக்கும் ஆழம் கூடவோ குறையவோ இருக்கலாம். பொருத்திப் பார்த்துச் சோதிக்கிறவரின் கூலிதான் உண்மையான விலை.

இரண்டாம் வகைக்கு மிக நல்ல கை வேண்டும். லேத்தில் வடிவத்தைக் கொண்டுவருவது சின்ன விஷயம், பிறகு அந்த இரும்பைச் சரியான சூட்டில் கடினமாக்குவதுதான் வித்தை: குறைந்தால் தேயும், கூடினால் விளிம்பு உடையும். பஞ்சிகாவத்தைப் பக்கம் எந்த வாகனப் பாகத்தையும் பார்த்த மாத்திரத்தில் செய்து தருகிற பாஸ்மார் இருக்கிறார்கள், அவர்களுடைய கைத்திறனில் எனக்குப் பெரிய மதிப்பு உண்டு. ஆனாலும் துவக்கை அங்கே கொண்டுபோகக் கூடாது. அனுமதி இல்லாத ஒருவர் கையில் துவக்கைக் கொடுத்துவிட்டு வருவது உங்களையும் அவரையும் சேர்த்து மாட்டிவிடும். பாகத்தை மட்டும் கழற்றிக் கொண்டுபோகிறேன் என்ற யோசனையும் வேண்டாம், எது செய்தாலும் உரிமம் உள்ளவர் ஊடாகவே போகட்டும்.

இரட்டைக் குழல் துவக்கு வைத்திருக்கிறவர்களுக்கு, ரைஃபிளோ சொட்கண்ணோ, நடைமுறையில் இந்த வழி மட்டும்தான். பர்மிங்காமிலும் லண்டனிலும் செய்த அந்த உள் இயந்திரங்கள் அந்தந்தத் துவக்குக்கென்றே அராவிப் பொருத்தப்பட்டவை, பெட்டியில் வாங்கிப் போடுகிற புது ட்ரிகர் என்று ஒன்று அவற்றுக்கு இல்லை. அதில் சியர் தேய்ந்தால் ஒரு குழலைச் சுடும்போது அதன் அதிர்ச்சியில் மற்றதும் சேர்ந்து வெடிக்கலாம். அப்படி ஒருமுறை வெடித்த துவக்கைத் திருத்தும்வரை சுடவே வேண்டாம்.

நேரம்தான் இந்த வழியின் பெரிய மறைவுச் செலவு. நல்ல கைக்காரர்கள் குறைவு, வரிசையில் நிற்க வேண்டும். துவக்கு வேறொருவர் பொறுப்பில் இருக்கும் அந்த நாட்களுக்கு எழுத்தில் பற்றுச்சீட்டு இருக்க வேண்டும், அதற்குள் லைசன்ஸ் புதுப்பிக்கும் காலம் வந்தால் துவக்கு எங்கே என்ற கேள்விக்கும் பதில் வேண்டும். வருட இறுதியில் கொடுக்காதீர்கள்.

## வழி மூன்று: புது ட்ரிகர்

முழுத் தொகுதியாக வரும், பழையதைக் கழற்றிவிட்டு இதைப் பூட்டலாம். அமெரிக்காவின் டிம்னி நிறுவனம் 1946இல் இருந்து இதைத்தான் செய்கிறது, மௌசர் 98, வின்செஸ்டர் 70, ரெமிங்டன் 700 எல்லாவற்றுக்கும் இருக்கிறது. லீ என்ஃபீல்டுக்கு மௌசர் அளவுக்குத் தெரிவு இல்லை. இழுவை சுத்தமாக, ஒரே கட்டமாக, கண்ணாடி உடைந்த மாதிரி இருக்கும். சுடுவதற்கு அருமை, அதை மறுக்க மாட்டேன்.

ஆனால் பெட்டியில் போட்டிருக்கும் விலையோடு முடிவதில்லை. புதுத் தொகுதி பழையதைவிட அகலமாக இருக்கும், ஆகவே பல நேரம் கட்டையின் உள்ளே மரத்தைச் செதுக்க வேண்டும். செதுக்கிய மரம் திரும்பாது. சேகரிப்பவர்கள் கழற்றிப் பார்க்கும் முதல் இடமும் அதுதான்.

மௌசரில் இன்னொரு நுணுக்கம். அதன் அசல் சேஃப்டி போல்ட்டின் பின்னால் கொடி மாதிரி நிமிர்ந்து நிற்கும், அது அடி ஊசியையே பிடித்து நிறுத்துகிறது. தொலைநோக்கி பூட்டினால் அந்தக் கொடி இடிக்கும், அதனால் பக்கவாட்டில் சேஃப்டி உள்ள புது ட்ரிகரை வாங்குகிறார்கள். அந்தப் பக்கவாட்டுச் சேஃப்டி ட்ரிகரை மட்டும்தான் தடுக்கும், அடி ஊசியைத் தடுக்காது. அதாவது இழுவை மென்மையாகிறது, பாதுகாப்பு ஒரு படி இறங்குகிறது. இதை விளம்பரத்தில் யாரும் பெரிய எழுத்தில் போடுவதில்லை, நான் இதைப் பெரிய குறையாகவே பார்க்கிறேன். தொலைநோக்கியும் வேண்டும் என்றால் அடி ஊசியைப் பிடிக்கிற தாழ்வான சேஃப்டியைத் தனியாகப் பொருத்துங்கள், செலவு கூடும், பரவாயில்லை.

கொழும்புக்காரருக்கு இதெல்லாம் ஓரளவு ஏட்டுச் சுரைக்காய்தான். துவக்குப் பாகம் தபாலில் சாதாரணமாக வந்து சேரும் பொருள் இல்லை. அமெரிக்காவில் ஏற்றுமதிக் கட்டுப்பாடு இருக்கிறது, வெளிநாட்டுக்கு அனுப்ப மாட்டோம் என்று பல விற்பனையாளர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள், இந்தப் பக்கம் அனுமதியில்லாமல் வந்தால் சுங்கத்தில் நிற்கும். "மச்சான் வரும்போது பெட்டிக்குள் போட்டுக் கொண்டுவரட்டும்" என்பது மிக மோசமான யோசனை. ஒரு சின்ன இரும்புக்காகக் கட்டுநாயக்க விமான நிலையத்தில் ஒரு சொந்தக்காரரை மாட்டிவிடாதீர்கள்.

இனி விதிவிலக்கு. சில ட்ரிகர்களைத் திருத்துவதைவிட மாற்றுவதே சரி. அமெரிக்க ரைஃபிள் நிறுவனமான ரெமிங்டன் 1948இல் 721, 722 மாதிரிகளோடு கொண்டுவந்து, 1962இல் 700க்கும் எடுத்துப்போன ட்ரிகரில் சியருக்கும் ட்ரிகருக்கும் நடுவில் இணைப்பியாகத் தளர்வாக ஒரு துண்டு இருக்கிறது. அதற்கும் ட்ரிகருக்கும் இடையில் அழுக்கோ துருவோ புகுந்தால் அது இருக்க வேண்டிய இடத்துக்குத் திரும்பாமல் போகலாம், விரல் படாமலே வெடித்தது என்ற முறைப்பாடுகள் பல வருடங்கள் தொடர்ந்தன. குறைபாடு என்று ஒப்புக்கொள்ளாமலேயே நிறுவனம் வழக்கில் இணக்கத்துக்கு வந்து, இலவசமாக மாற்றித் தரவும் சம்மதித்தது. இந்த வகை ரைஃபிள் உங்களிடம் இருந்தால், அதுவும் எங்கள் ஈரக் காற்றில் வருடக்கணக்காகக் கிடந்தது என்றால், மரம், பெறுமதி, அசல் என்ற பேச்சையெல்லாம் விட்டுவிட்டு மாற்றுங்கள், முடியாவிட்டால் சுடாமல் வையுங்கள்.

புதியது என்பதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு நம்பவும் முடியாது. அதே ரெமிங்டன், பழையதற்குப் பதிலாக 2006இல் கொண்டுவந்த எக்ஸ் மார்க் புரோ ட்ரிகரையும் 2014 ஏப்ரலில் திரும்பப் பெற்றது. பொருத்தும்போது பூசிய ஒட்டுப்பசை கூடிப்போனதே காரணம். யார் செய்த ட்ரிகராக இருந்தாலும் பூட்டிய பின் சோதனை கட்டாயம்.

## ஒரே பார்வையில்

| | துப்புரவு | பழையதைத் திருத்தல் | புது ட்ரிகர் |
|---|---|---|---|
| பாதுகாப்பு | சியர் தேயாவிட்டால் போதும் | செய்யும் கையைப் பொறுத்தது | நல்லது. சேஃப்டி எதைத் தடுக்கிறது என்று பார்க்க வேண்டும் |
| பழையபடி ஆக்க முடியுமா | ஆம் | பாகம் மாற்றினால் ஆம், உரசினால் இல்லை | மரம் செதுக்காவிட்டால் மட்டும் |
| கொழும்பில் நடைமுறை | எளிது | கஷ்டம், ஆனால் முடியும் | மிகக் கஷ்டம் |
| கனடாவில் நடைமுறை | எளிது | எளிது | மிக எளிது |
| மறைவுச் செலவு | தொடர் பராமரிப்பு | காத்திருப்பு, பொருத்தும் கூலி | மரவேலை, பெறுமதி இழப்பு, அனுமதி |
| இரட்டைக் குழலுக்கு | சரிவரும் | சியர் தேய்ந்தால் ஒரே வழி | இல்லை |

## சுடாமல் வைத்திருப்பது

நான்காவது வழியும் ஒன்று உண்டு, அதை யாரும் வழியாகவே எண்ணுவதில்லை. ட்ரிகர் பழுது, திருத்த ஆள் இல்லை, சுட வேண்டிய தேவையும் இல்லை என்றால் திருத்தாமலே விடலாம். அனுமதி செல்லுபடியாக இருக்கும்வரை, தோட்டா இல்லாமல், பூட்டில், "ட்ரிகர் பழுது, சுட வேண்டாம்" என்று ஒரு அட்டை கட்டி வையுங்கள். அட்டை முக்கியம், நாளைக்கு எடுக்கிறவர் நீங்களாக இருக்க வேண்டும் என்றில்லை. அனுமதியை இனிப் புதுப்பிக்கும் எண்ணம் இல்லாவிட்டால் முறைப்படி ஒப்படைப்பதும் மரியாதையான முடிவுதான். அப்பாவின் ஞாபகத்துக்கு வேறு பொருட்களும் வீட்டில் இருக்கும்.

## அப்படியென்றால் யாருக்கு எது

வெள்ளவத்தைக்காரருக்கு: அனுமதி உங்கள் பெயரில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், பிறகு துப்புரவு. இறுகிய ட்ரிகர் என்றுதான் சொல்கிறீர்கள், நழுவுகிறது என்று சொல்லவில்லை, ஆகவே எண்ணெயும் மரமும்தான் என் சந்தேகம். சியர் தேய்ந்திருந்தால் மட்டும் இரண்டாம் வழி.

ஸ்காபரோ மச்சானுக்கு: இழுபடுவது முதல் கட்டமா என்று தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள். அது பழைய மாதிரியா, மார்க் 2வா என்று பாருங்கள், பழையது என்றால் மரத்தைப் பாருங்கள். இராணுவக் கட்டை முழுதாக, வெட்டாமல் இருக்கிற ரைஃபிள் என்றால் அதில் எதையும் செதுக்காதீர்கள், அப்படி முழுதாகக் கிடைப்பது குறைந்துகொண்டே வருகிறது. யாரோ ஏற்கெனவே கட்டையை வெட்டி வேட்டைக்கு ஏற்ற மாதிரி மாற்றிவிட்டார்கள் என்றால் காப்பாற்ற அசல் என்று பெரிதாக இல்லை, பொருந்துகிற நல்ல ட்ரிகர் கிடைத்தால் தாராளமாகப் போடுங்கள். கழற்றிய பழைய பாகங்களை ஒன்றுவிடாமல் பையில் போட்டுப் பெயர் எழுதி வையுங்கள்.

1964க்கு முந்திய வின்செஸ்டர் 70 வைத்திருப்பவருக்கு: மாற்றவே வேண்டாம். 1936இல் வந்த அந்த ட்ரிகர் திறந்த அமைப்பு, பாகங்கள் குறைவு, அழுக்கு சேர்ந்தாலும் எளிதாக எடுக்கலாம், சேஃப்டியும் அடி ஊசியையே பிடிக்கிறது.

எந்த வழி என்றாலும், கொடுக்கும்போது திருத்துநரிடம் இவற்றைக் கேளுங்கள்: உங்கள் அனுமதிப்பத்திரத்தைப் பார்க்கலாமா, சியரை உரசப் போகிறீர்களா, உரசினால் மறுபடி கடினமாக்குவீர்களா, பழைய பாகத்தைத் திருப்பித் தருவீர்களா. எடுக்கும்போது, வெற்றுத் துவக்கில், உங்கள் முன்னாலேயே போல்ட்டை வேகமாக மூடிக் காட்டச் சொல்லுங்கள், சேஃப்டியைப் போட்டு ட்ரிகரை இழுத்து, விரலை எடுத்துவிட்டுச் சேஃப்டியை விடுவிக்கச் சொல்லுங்கள். அடி ஊசி விழக்கூடாது. இழுவை எத்தனை இறாத்தல் என்று அளந்து பற்றுச்சீட்டில் எழுதி வாங்குங்கள். அடுத்த வருடம் அது தானாகக் குறைந்திருந்தால் ஏதோ தேய்கிறது, திரும்பவும் அவரிடமே கொண்டுபோக வேண்டும்.